ஜெனரேட்டர் முழு லோட் சோதனை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கட்டப்படும் ஒரு டேட்டா சென்டரில் தரக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். கட்டுமான நிறுவனத்தோடு எனக்குச் சம்பந்தம் இல்லை. பார்த்ததை நேராக உரிமையாளருக்கு எழுதிக் கொடுப்பதுதான் வேலை.

கான்கிரீட்டில் குறை இல்லை. 28 நாள் கியூப் சோதனையை (கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) வெளி லேபில்தான் செய்கிறோம். சிக்கல் டீசல் ஜெனரேட்டரில். தொழிற்சாலைச் சான்றிதழே போதும், இங்கே மறுபடி முழு லோட் (முழு மின்சுமை) வைக்க வேண்டாம் என்கிறார் ஒப்பந்ததாரர். ஆனால் அந்தச் சோதனை நடந்தது கடல் மட்டத்துக்கு அருகில். நாம் இருப்பதோ சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சின் திறன் குறையலாம், ரேடியேட்டர் குளிர்ச்சியும் குறையும். கடலோர டர்பனில் இழுக்கும் லோடை இங்கேயும் இழுக்கும் என்று எப்படி நம்புவது? எவ்வளவு குறையும் என்பதற்குத் தயாரிப்பாளரின் அட்டவணையைக் கேட்டேன், இன்னும் வரவில்லை. லோட் ஷெட்டிங்கில் அவதிப்பட்ட ஊர் இது. மின்சாரம் போகும் நேரத்தில் ஜெனரேட்டர் திணறினால் இந்த சென்டரை நம்பியிருக்கும் மருத்துவமனை, வங்கி எல்லாம் தவிக்கும். என்னால் இதை விட முடியவில்லை.

ஹைவெல்டில் (ஜோகன்னஸ்பர்க் இருக்கும் உயர்ந்த மேட்டுநிலம்) லோட் பேங்க் (ஜெனரேட்டருக்குச் செயற்கையாக மின்சுமை தரும் கருவி) வைத்துச் சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள், எந்த வெப்பநிலையில்? அப்புறம், யூபிஎஸ், சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) எல்லாவற்றையும் சேர்த்து மெயின் சப்ளையைத் துண்டித்துப் பார்க்கும் கடைசிச் சோதனைக்குக் கண்காணிப்பாளர் கையெழுத்து கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் எப்படி எழுதினீர்கள்? வாசகம் இருந்தால், நிறுவனப் பெயரை நீக்கிவிட்டுப் பகிருங்கள். வியாழக்கிழமை கூட்டம், அதற்குள் கிடைத்தால் பேருதவி.