பழைய சாப்பாட்டுக்கடை விலைப்பட்டியல்: ஒட்டுத்துண்டுக்குக் கீழே உள்ள விலையை எப்படி வாசிப்பது?

வாவிக்கரைப் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனில் அம்மப்பா நடத்தின சாப்பாட்டுக்கடையின் விலைப்பட்டியல்கள் ஒரு தகரப்பெட்டி நிறையக் கிடைத்திருக்கு. கடை மூடிக் கனகாலம். சுவரில் மாட்டின கையெழுத்து மட்டைகள், கலியாண வீட்டு ஓடருக்கு ரோனியோ என்ற நகலெடுக்கும் பொறியில் அடித்த தாள்கள், பிற்காலத்துப் பிளாஸ்டிக் உறை போட்ட மெனு கார்டுகள் எல்லாம் கலந்து கிடக்கு. புட்டு, இடியப்பம், பாலப்பம், இறால் பொரியல், நண்டுக்கறி, தயிர் என்று வாசிக்க வாசிக்க ஆசையாக இருக்கு.

பிரச்சினை மட்டைகளில்தான். விலை ஏறும்போதெல்லாம் பழைய விலைக்கு மேல் ஒரு சின்னக் கடதாசித்துண்டை மாப்பசையால் ஒட்டி, அதில் புது விலையை எழுதியிருக்கிறார். சில இடத்தில் துண்டுக்கு மேல் துண்டு. அடியில் இருக்கிற விலைகள் எனக்கு வேணும். தண்ணி தொட்டுக் கழற்று என்கிறார்கள் வீட்டில். மை கரைந்துவிடுமோ என்று பயமாக இருக்கு.

ஒன்றிலும் திகதி இல்லை. பெட்டிக்குள் வெள்ளி நிறப் பூச்சியும் ஓடுது. ஒரு கடையில் விசாரித்தால், எல்லாத்தையும் லெமினேட் பண்ணச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஆவணப்பெட்டி:
தங்கச்சி, லெமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிற பசை கடதாசிக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், கொஞ்சக் காலத்தில் மஞ்சளாகிக் கறை போடும்.

தண்ணியும் வேண்டாம். தொட்டு எழுதுகிற பேனை மை ஒரு சொட்டு ஈரத்திலேயே பரவும். துண்டைக் கழற்றவே தேவையில்லை, வெளிச்சத்தை வைத்து வாசியுங்கள். இரவில் அறை லைட்டை அணைத்துவிட்டு, மட்டையை ஒருவர் விளிம்பில் பிடிக்க, பின்பக்கமிருந்து துண்டு ஒட்டின இடத்துக்கு நேரே டோர்ச் அடியுங்கள். அடியில் உள்ள எழுத்து நிழலாகத் தெரியும். முன்பக்கமிருந்து போனால் படம் எடுத்து, பிறகு போனிலேயே கொன்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். மட்டை தடிப்பாக இருந்து வெளிச்சம் ஊடுருவாவிட்டால், டோர்ச்சை மேசையோடு படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பேனை அழுத்தி எழுதின பள்ளம் துண்டுக்கு மேலும் கொஞ்சம் காட்டும்.

அந்தத் துண்டுகளும் ஆவணம்தான். எந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை துண்டு என்பதே ஒரு விலை வரலாறு. கழற்றி எடுத்தால் எது எதற்கு மேல் இருந்தது என்ற ஒழுங்கு போய்விடும்.

ஓடுகிறது வெள்ளிமீன் பூச்சி. மாப்பசைதான் அதுக்கு விருந்து. மட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் காற்றை நெருக்கி வெளியேற்றி இறுக்கிக் கட்டி, நல்ல டீப் பிரீசரில் 2 கிழமை வையுங்கள். வெளியில் எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், இல்லாட்டிக் கடதாசியில் நீர் பூக்கும். பழைய தகரப்பெட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டாம். அந்துருண்டையும் போட வேண்டாம்.

கல்முனை நானா:
திகதிக்கு நான் உதவுகிறேன் மகள். முதலில் விலாசத்தைப் பாருங்கள். எங்கட அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. கலியாண ஓடர்த் தாளில் கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களின் விலாசம் மட்டக்களப்பு மாவட்டம் என்று இருந்தால் பெரும்பாலும் அதுக்கு முந்தினது. இங்கிலீசில் சிலோன் என்று அச்சடித்திருந்தால் 1972 மே மாதத்தில் நாட்டின் பெயர் மாற முன் அடித்த தாளாக இருக்கலாம். பழைய தாள் மிச்சமிருந்து பிறகும் பாவித்திருப்பார்கள், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பிளாஸ்டிக் உறை போட்ட கார்டுகளின் அடியில் ஜீஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரி, என்று ஏதும் போட்டிருக்கா? அந்த வரி 1998 ஏப்ரலில் வந்து 2002 ஓகஸ்டில் வற் என்ற பெறுமதி சேர் வரி வந்ததோடு போனது. அந்தக் கார்டின் காலம் நாலரை வருசத்துக்குள் அடங்கிவிடும். தொலைபேசி இலக்கம் மூன்று இலக்கத்தில் இருந்தால் மிகப் பழசு.

வாவிக்கரைப் பேத்தி:
நானா, ஆவணப்பெட்டி அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. டோர்ச் வேலை செய்யுது! இடியப்பத்துக்கு நேரே இரண்டு துண்டு. மேலே ரூபாய்க்கணக்கு, அடியில் சதக்கணக்கு. சத விலை நீல மையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்து, அது அம்மம்மாவின் கை என்று அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அவர் கடைக்கு எழுதிக் கொடுத்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மட்டையின் அடியில் ‘செவ்வாய், வெள்ளி சோறு இல்லை’ என்று சிவப்பு மையில் இருக்கு. விரத நாள் என்பதாலா?

கல்முனை நானா:
விரதமென்றால் மரக்கறி மட்டும் என்று எழுதியிருப்பார்கள், சோற்றை ஏன் நிப்பாட்டுவார்கள்? 1973, 1974 அரிசித் தட்டுப்பாட்டில் கிழமையில் 2 நாள் கடைகளில் சோறு கொடுக்கத் தடை இருந்தது. பாணுக்குக் கியூவில் நின்ற காலம் அது. அந்த மட்டையில் மரவள்ளி, வத்தாளை என்று சோற்றுக்குப் பதிலான கிழங்கு ஏதும் எழுதியிருக்கா பாருங்கள். எனக்கு உங்கள் பெட்டியில் மிகப் பெறுமதியானது அந்த ஒரு வரிதான்.

அச்சுக்கூடத்து ஆள்:
ரோனியோ தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணாதீர்கள், மங்கின எழுத்து அப்படியே காணாமல் போகும். எல்லாத்தையும் கலரில், குறைந்தது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), பொடி எழுத்தென்றால் 600இல் எடுங்கள். தரம் குறையாத டிஃப் கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு ஜேபெக் செய்யுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள். கலியாணத் தாளின் பின்பக்கத்தில்தான் எத்தனை இலை, எவ்வளவு முற்பணம் என்று குறித்திருப்பார்கள்.

பழைய பிளாஸ்டிக் உறையில் மை ஒட்டிப் பிடித்திருந்தால் இழுக்க வேண்டாம். உறையோடேயே ஸ்கேன் எடுங்கள். பில் துண்டுகள் வழுவழுப்பான தெர்மல் தாளில் இருந்தால் அவைதான் முதல் வேலை, வைத்திருக்க வைத்திருக்க எழுத்து அழிந்துகொண்டே போகும்.

வாவிக்கரைப் பேத்தி:
தெர்மல் பில் கொஞ்சம் இருக்கு அண்ணா, இன்றைக்கே எடுக்கிறேன். மட்டைகளுக்கு இலக்கம் போட்டு அட்டவணை செய்யப் போகிறேன். ‘பிளேன்ரீ’, ‘றோல்ஸ்’ என்று ஒவ்வொரு மட்டையிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கு. திருத்தி ஒரே மாதிரி எழுதலாமா?

ஆவணப்பெட்டி:
திருத்தாதீர்கள். உள்ளபடி ஒரு நிரலில், தேடுவதற்கு வசதியான எழுத்தில் பக்கத்து நிரலில். நியூயோர்க் பொது நூலகத்தில் ஏறத்தாழ 45,000 மெனு கார்டுகள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி ஃபிராங்க் பட்டால்ப் என்ற ஒரு பெண்மணி 1900 தொடக்கம் இருபது வருசத்துக்கு மேல் சேர்த்தது. கடைகளுக்குக் கடிதம் எழுதி எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறார். 2011இல் அந்த நூலகம் ஸ்கேன்களை இணையத்தில் போட்டு, சாப்பாட்டின் பெயரையும் விலையையும் பொதுமக்களைக் கொண்டே எழுதுவித்தது. அதனால்தான் இன்றைக்கு ஒரு சாப்பாடு எந்த வருசம் என்ன விலைக்கு வித்தது என்று அங்கே தேட முடியுது. நம்மட புட்டுக்கும் சொதிக்கும் அப்படி ஒரு கணக்கு வேணும் என்று எனக்குக் கன நாள் ஆசை.

பட்டால்ப் அம்மையார் கார்டுகளில் நீல முத்திரை குத்தினார். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் இலக்கம் போடுங்கள், போதும். திகதிக்கு நிரல் இரண்டு வையுங்கள்: ஒன்றில் ஊகித்த காலம், மற்றதில் எதை வைத்து ஊகித்தீர்கள் என்பது. அம்மம்மாவின் கையெழுத்து என்று அம்மா சொன்னதையும் அதில் எழுதுங்கள், அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஸ்கேன்கள் முடிந்தால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தோடு கதையுங்கள். 2005 தொடக்கம் இணையத்தில் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். மட்டைகள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

கல்முனை நானா:
ஐப்பசி மழை பிடிக்க முன் ஸ்கேன் வேலையை முடித்துக்கொள்ளுங்கள் மகள். இங்கே ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்க ஒரு கிழமை போதும்.

வாவிக்கரைப் பேத்தி:
சரி நானா. மரவள்ளி இருக்கு! சோறு இல்லை என்ற வரிக்கு நேர் மேலே, ‘அவித்த மரவள்ளி, சம்பல்’. விலைக்கு மேல் துண்டு ஏதும் ஒட்டவில்லை.