அப்டேட்: சியோல் நைட் லைஃப், போயிட்டு வந்தாச்சு

சியோல்ல ராத்திரி எங்க உக்காந்து குடிக்கலாம்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பாதிப் பேர் ஹோங்டே ஏரியா கிளப்னு சொன்னீங்க, ஒருத்தர் மட்டும் ஜோங்னோ 3-கா ஸ்டேஷன் பக்கம் போங்கன்னார், அவருக்கு ஒரு பெரிய கும்பிடு. ஹோங்டேவும் போனேன், காது வலிதான் மிச்சம்.

ஜோங்னோல இருட்டினதும் ரோட்டோரம் வரிசையா போஜாங்மாச்சா, அதாவது டென்ட் கடை, பிளாஸ்டிக் ஸ்டூல். வெறும் சோஜு, அதாவது கொரியன் சரக்கு, மட்டும் வாங்கிட்டு உக்கார முடியாது, அன்ஜு, அதான் சைடிஷ், கண்டிப்பா சொல்லணும். நான் எலும்பில்லாத கோழிக்கால் சொன்னேன், காரம் நமக்கே கண்ணு கலங்கிருச்சு. பக்கத்து டேபிள் பெரியவர் பாட்டிலத் தூக்கினதும் ரெண்டு கையாலயும் கிளாஸ நீட்டி, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக் குடிச்சேன், அங்க பெரியவங்களுக்கு மரியாதை அப்படித்தான், மனுஷனுக்கு அவ்ளோ சந்தோஷம், அப்புறம் என் கிளாஸக் காலியாவே விடல. சோஜு 16 சதவீதம்தானேன்னு நெனச்சா பியர்ல கலந்து சோமேக்னு குடுப்பாங்க, எந்திரிக்கும்போதுதான் தெரியும்!

மெட்ரோ நடுராத்திரியோட க்ளோஸ், டாக்ஸில 10 மணிக்கு மேல ரேட் ஏறும், நைட் பஸ் இருக்கு.

வெஜ் கேட்டவங்களுக்கு: குவாங்ஜாங் மார்க்கெட்ல பச்சைப்பயறு அரைச்சு சுடுற பிந்தேதொக், கிட்டத்தட்ட நம்ம பெசரட்டு, மக்கொல்லிக்கு, அதான் அவங்க அரிசிக் கள்ளு, செம ஜோடி. சில கடைல பன்னிக்கறி சேப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க.