லோக் அதாலத்தில் நாலரை லட்சம் தருகிறார்களாம், தம்பி கையெழுத்துப் போடலாமா?

களக்காட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 34 வயது, டைல்ஸ் ஒட்டுகிற வேலை. நாங்குநேரி தாண்டி மூன்றடைப்பு பக்கம் நாற்கரச் சாலையில் பைக்கில் போகும்போது பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நடக்கிறான், ஆனால் குத்தவைத்து உட்கார முடியவில்லை. எஃப்ஐஆர் வேன் டிரைவர் மேல்தான். பாளையங்கோட்டையில் நஷ்டஈடு கேஸ் போட்டாச்சு. இப்போது இன்சூரன்ஸ் கம்பெனி, வருகிற லோக் அதாலத்தில் (சமரசம் பேசிக் கேஸை முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) நாலரை லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறது. ஊனம் எத்தனை சதவீதம் என்று சான்றிதழ் தருகிற டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டுக்கு இன்னும் போகவில்லை. வக்கீலும் இப்போதே முடித்துவிடச் சொல்கிறார். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கொக்கிரகுளம் வாசி:
தம்பி, வாங்கிக்கொள்ளச் சொல்லு. என் மச்சினன் கேஸ் இங்கே வருடக்கணக்கில் இழுத்து, தீர்ப்பு வந்த பிறகு கம்பெனி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அப்பீல் போய், அந்த இடைவெளியில் அவர் வீட்டு மனையை விற்று வட்டி கட்டினார். கோர்ட்டு ஒரு தொகை சொல்லும், கைக்கு எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லோக் அதாலத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, அதனால் அவர்களும் இழுக்க முடியாது. கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். கடன் கழுத்தை நெரிக்கும்போது நாலரை லட்சம் சின்னத் தொகை இல்லை.

அம்பை அக்கா:
அண்ணாச்சி சொல்கிற அதே விஷயத்தைத்தான் நான் பயமாகப் பார்க்கிறேன். அப்பீல் கிடையாது என்றால் நமக்கும்தான் கிடையாது. அடுத்த வருடம் அந்த பிளேட்டை எடுக்க ஆபரேஷன் என்றால் யார் கொடுப்பார்கள்? மெடிக்கல் போர்டு பார்க்காமல், ஊனம் எத்தனை சதவீதம் என்று தெரியாமல், எதை வைத்து நாலரை என்று சொன்னார்கள்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 15,000 வருமானம் என்று வையுங்கள். 40 வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் என்றால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்கலாம், அது உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. சாவு இல்லாத காயக் கேஸுக்கும் இது உண்டு என்று 2020இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 31 முதல் 35 வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 16. மொத்தம் 40,32,000. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று எடுத்தாலே 12,09,600. இதற்கு மேல் மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள் எல்லாம் தனி.

கொக்கிரகுளம் வாசி:
காகிதத்தில் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. எல்லாக் கேஸிலும் நீதிபதி பெருக்கல் போட மாட்டார். ஊனத்தில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று மட்டும் போட்டு முடித்த தீர்ப்புகள் ஏராளம். அப்படிப் போட்டால் இந்த நாலரையே வராது. அதுபோக 15,000 சம்பளத்துக்கு என்ன அத்தாட்சி? ஹெல்மெட் போட்டிருந்தானா? யூ டர்ன் தூரம் என்று நம் பையன்கள் நாற்கரச் சாலையில் எதிர்த்திசையில் ஏறுவார்கள், அதை வைத்துப் பாதி தப்பு இவன் மேல் என்று சொன்னால் தொகை அப்படியே குறையும்.

களக்காட்டுக்காரன்:
எதிர்த்திசை இல்லை அண்ணாச்சி, நேராகத்தான் போனான். ஹெல்மெட் போட்டிருந்தான், காயமும் காலில்தான். சம்பளச் சீட்டு கிடையாது. காண்ட்ராக்டர் ஜிபேயில் போட்ட பணம் பாஸ்புக்கில் இருக்கிறது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் இருக்கிறது.

அம்பை அக்கா:
அப்புறம் என்ன! காண்ட்ராக்டரைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். அண்ணாச்சி சொன்ன சதவீதக் கணக்கு, பிழைப்பே பாதிக்கப்பட்டவனுக்குப் பொருந்தாது என்று வாதாட வேண்டியது வக்கீல் வேலை. உச்ச நீதிமன்றத்தின் 2010 ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இதற்குத்தான். போர்டு கொடுக்கிற சதவீதம் வேறு, அதனால் அவன் தொழிலில் எவ்வளவு போகிறது என்பது வேறு. மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அந்தக் கால் பத்து சதவீத நஷ்டம் என்றால், நாள் முழுக்கத் தரையில் குந்தி டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு அது தொழிலே போவது மாதிரி. ஒரு கொத்தனாரின் முழங்காலுக்கு என்ன விலை என்று அவனைப் பார்க்காமலே பேரம் பேசுகிறார்கள், இது எனக்குப் பொறுக்கவே இல்லை.

பேட்டைக்காரர்:
இடையில் ஒன்று. வக்கீல் ஏன் இப்போதே முடிக்கச் சொல்கிறார் என்று கேட்டீர்களா? கிடைக்கிற தொகையில் நூற்றுக்கு இருபது என்று பேசியிருந்தால், அப்படிப் பங்கு பேசுவதே வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படி கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் தம்பியின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும்.

கொக்கிரகுளம் வாசி:
அது சரி, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? யாரிடம் போய் நிற்பான், கந்துவட்டிக்காரனிடமா? அதைச் சொல்லுங்கள்.

அம்பை அக்கா:
நியாயமான கேள்விதான். நான் லோக் அதாலத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணாச்சி. இந்தத் தடவை பேச்சு ஒத்துவராவிட்டால் கேஸ் செத்துப்போகாது, பழையபடி கோர்ட்டுக்கே திரும்பும், அடுத்த லோக் அதாலத்திலும் வைக்கலாம். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் ஓடும், நம் பக்கம் ஏழரை சதவீதம் போடுவது வழக்கம். போர்டு சான்றிதழ் கையில் இருந்தால் அதே கம்பெனி அதே மேஜையில் வேறு தொகை பேசும். அவன் குந்த முடியாததை அப்போதுதான் காகிதத்தில் காட்ட முடியும்.

களக்காட்டுக்காரன்:
வீட்டில் பேசினோம். இந்தத் தடவை கையெழுத்து இல்லை, முதலில் மெடிக்கல் போர்டுக்கு மனு கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். எட்டு லட்சத்துக்குக் குறைந்து பேச வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள்.

கொக்கிரகுளம் வாசி:
நான் இன்னும் வாங்கியிருக்கலாம் என்றுதான் சொல்வேன். சரி, முடிவு பண்ணியாச்சு என்றால் ஒன்று செய். பிளேட் எடுக்க எவ்வளவு ஆகும் என்று ஆபரேஷன் பண்ணின டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, போர்டுக்குப் போவதற்கு முன்னாலேயே வக்கீல் கையில் கொடுத்துவிடு.