புதுப்பிப்பு: மெனுவில் ஒளிந்திருக்கும் கட்டளையைக் கண்டுபிடிக்க வழி கிடைத்துவிட்டது

மேக் கணினியில் மெனுக்களுக்குள் புதைந்து கிடக்கும் கட்டளையை எப்படித் தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? விடை ஹெல்ப் மெனுவிலேயே இருக்கிறது.

ஷிஃப்ட், கமாண்ட், சாய்கோடு (/) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேடல் பெட்டி திறக்கும். கட்டளையின் பெயரில் ஒரு துண்டு நினைவிருந்தாலே போதும். வரும் பட்டியலில் ஒன்றின் மேல் சுட்டியை வைத்தால், அந்த மெனு தானாக விரிந்து, மிதக்கும் நீல அம்பு ஒன்று சரியான வரியைக் காட்டும். உதவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்! என்டர் தட்டினால் கட்டளை அப்படியே இயங்கிவிடும்.

அப்புறம், மேக்கின் இணைய உலாவியான சஃபாரியில் இதே பெட்டியில் தேடினால் புக்மார்க்குகளும் அகப்படும். அவையும் மெனுவில் இருப்பவைதானே.