1971 போரில் களம் கண்ட பெரியவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

இளவேனில்:
அனைவருக்கும் வணக்கம். என் தாத்தாவின் நண்பர் ஒருவர் மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாக இருந்தவர். 1971 டிசம்பரில், இந்திய-பாகிஸ்தான் போரின் மேற்கு முனையில், சக்கர்கர் பகுதியில் நடந்த பசந்தர் ஆற்றுப் போரில் பங்கேற்றிருக்கிறார். எண்பது வயதை நெருங்கும் அவரைப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்து, அவருடைய நினைவுகளைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வீட்டில்கூட அவர் போரைப் பற்றி அதிகம் பேசியதில்லையாம். மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?

பட்டாளத்தார் மகன்:
"எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், என் தந்தையிடம் ஓர் உறவினர் அப்படிக் கேட்ட பிறகு, அவர் பல ஆண்டுகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பட்டாளத்தில் சேர்ந்த நாள், வெலிங்டனில் பெற்ற பயிற்சி, லங்கர் (பட்டாளச் சமையற்கூடம்) சாப்பாடு, பஞ்சாப் பக்கத்து டிசம்பர்க் குளிர் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஆற்றங்கரைக்கு அவராகவே வந்து சேர்வார்.

போவதற்கு முன் அந்தப் போரைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். பசந்தரைக் கடந்த காலாட்படையினரில் 16ஆவது மதராஸ் பட்டாலியன் சராஜ் சக் என்ற கிராமத்தைக் கைப்பற்றியது. பீரங்கி வண்டிகள் பின்தொடர்வதற்காகப் பொறியாளர் படையினர் இருட்டிலேயே கண்ணிவெடிகளை அகற்றி வழி அமைக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 16 அன்று அங்கே வீழ்ந்த பீரங்கி வண்டிப் படை அதிகாரி அருண் கேத்தர்பாலுக்கு வயது 21தான். ஆனால் படித்ததை வைத்துப் பெரியவரைத் திருத்த முற்படாதீர்கள். ஒரு சிப்பாய் கண்டது தன் பதுங்குகுழியைச் சுற்றியிருந்த சில கஜத் தூரத்தைத்தான், அதை வேறு எவராலும் நமக்குச் சொல்ல முடியாது.

மலர்விழி:
பதக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். 1971இல் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டாரும், கிழக்கில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும் வழங்கப்பட்டன. பதக்கத்தைக் கையில் எடுத்ததும் பேச்சு தானாக வருவதைக் கண்டிருக்கிறேன். முதல் நாளே கைப்பேசியை முன்னால் வைக்க வேண்டாம். அனுமதி கேட்டு, மறுமுறை பதிவு செய்யலாம்.

இளவேனில்:
இருவருக்கும் நன்றி. பேச்சின் நடுவே அவர் மௌனமாகிவிட்டால் என்ன செய்வது?

பட்டாளத்தார் மகன்:
அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள். மீண்டும் பேச விரும்பாவிட்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். அவருடைய மனைவி இருந்தால் அவரிடமும் கேளுங்கள். கடிதங்களில் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக முகவரி மட்டுமே இருக்கும் என்பதால், கணவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதுகூடத் தெரியாமல் வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த டிசம்பரை அவர் எப்படிக் கழித்தார் என்பதும் உங்கள் பதிவில் இருக்க வேண்டும்.