பாட்டா வீட்டு லட்சுமி படம் யாரிடமிருந்து வந்தது? அவசரம்

தக்கலை_தம்பி:
பாட்டா வீட்டை இடிக்கப் போகிறோம். முன்னறையில் ஒரு பழைய லட்சுமி படம். ஒருவர் விலைக்குக் கேட்கிறார், ஆனால் முன்பு யார் வைத்திருந்தது என்று விவரம் வேண்டுமாம். எங்கே விசாரிப்பது? பின்னால் 1104 என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு பழசா?

ஆற்றங்கரை:
துணியா, காகிதமா? அளவு? பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க.

வேளிமலை:
சந்தேகமே வேண்டாம், ஓவியர் ரவி வர்மா வரைந்த ஒரிஜினல். பத்மநாபபுரம் பக்கம்தானே வீடு? அரண்மனையிலிருந்து வந்திருக்கும்.

நாஞ்சில்79:
சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பாருங்க.

பழையசாவி:
வில்லங்கம் நிலத்துக்கும் வீட்டுக்கும்தான் அண்ணாச்சி, சுவரில் தொங்குகிற படத்துக்கு இல்லை. தம்பி, இங்கே எத்தனையோ தடவை எழுதியாச்சு, தேடிப் படித்துவிட்டுக் கேட்கக் கூடாதா? 1104 கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு. 825 கூட்டினால் 1928-29. ரவி வர்மா இறந்தது 1906. ஆகவே அது வாங்கிய வருஷம் அல்லது பிரேம் போட்ட வருஷம், வரைந்த வருஷம் இல்லை.

ஆற்றங்கரை:
அச்சுப் படமாகவும் இருக்கலாம். 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அவருக்குப் பிறகும் ஓடியது. எண்ணெய் ஓவியம் போலத் தெரிய வார்னிஷ் அடித்து விற்றார்கள். லென்ஸ் வைத்து முகத்தைப் பாருங்க. பொடிப் பொடியாகப் புள்ளி தெரிந்தால் அச்சு. கீழ் ஓரத்தில் அச்சகப் பெயர் சட்டத்துக்குள் மறைந்திருக்கும். ஆணியை நெம்பிப் பிடுங்காதீங்க, காகிதம் நொறுங்கும்.

வேளிமலை:
அரண்மனைப் படம் என்றால்? அதைக் கேரளாவிடம் கேட்கணுமா? 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் நமக்கு வந்துவிட்டது, அரண்மனை மட்டும் இன்னும் அவர்கள் கையில்!

நாஞ்சில்79:
அவர்கள் கையில் இருப்பதால்தான் ஒழுங்காக இருக்கு ஓய்.

வேளிமலை:
ஊர் நம்ம ஊர், டிக்கெட் காசு அவங்களுக்கு. நல்ல நியாயம்.

பழையசாவி:
அரசியலுக்கு வேறு இழை திறங்க. தம்பி, வீட்டுப் பழைய பாகப்பத்திரத்தைத் தேடு. ஜங்கமச் சொத்து (அசையும் சொத்து) என்று பாத்திரம், கட்டில், படம் எல்லாம் வரிசையாக எழுதியிருப்பார்கள். மலையாளத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்த பெரியவரைக் கூட்டிப் போ. உண்மையான ரவி வர்மா ஓவியம் என்றால் 1979 முதல் தேசியக் கலைச் செல்வம், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்க வருகிறவரிடம் இப்போதே சொல்லிவிடு.

ஆற்றங்கரை:
தம்பி, அளவு இன்னும் சொல்லவில்லை.

தக்கலை_தம்பி:
லென்ஸில் பார்த்தேன், புள்ளிதான். கீழே ஏதோ இங்கிலீஷ் எழுத்து, பாதி அரித்துவிட்டது. பாகப்பத்திரம் சித்தப்பா வீட்டில். அவங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாருக்கும் நன்றி.

வேளிமலை:
அரண்மனையிலும் அச்சுப் படம் வாங்கியிருக்கலாமே?