டெங்கு ஆய்வுக்கு கொழும்பு வீடுகள் தேவை

அக்காமார், அண்ணாமாருக்கு வணக்கம். காலநிலை மாற்றமும் டெங்கும் பற்றிய ஆய்வொன்றில் வேலை செய்கிறேன். 2017இல் நாட்டில் 180,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானது நினைவிருக்கும். தொற்றுநோயியல் பிரிவின் மாவட்டக் கணக்கு இருக்கிறது, சரி. ஆனால் மழை விட்டபின் பீலியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, ஏசிக்குக் கீழே வைத்த வாளியை யார் கவிழ்க்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சூடு கூடினால் இன்னும் சீக்கிரம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளியில் இருப்பவர்கள் அரை மணி நேரம் கதைக்க முடியுமா? தொடர்மாடிக்காரரும்தான், பூச்சாடித் தட்டுகள் அங்கே குறைவா என்ன! தண்டம் அடிக்க வரவில்லை, பெயரும் எழுதமாட்டோம். அம்மம்மாமார் இருந்தால் இன்னும் நல்லது, பழைய மழைக்காலம் அவர்களுக்குத்தான் தெரியும். இன்பொக்சில் எழுதுங்கள்.